ஹூஸ்டனுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: டொர்னேடோ சீசனுக்கு முன்னால் முடித்து வைக்க வேண்டியவை

ஹூஸ்டன், கேட்டி, ஷுகர் லேண்ட், பேர்லேண்ட் பக்கம் இப்போதுதான் வந்து பெட்டியைப் பிரித்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். 2024 மே 16 அன்று அடித்த காற்றில் எங்கள் வீட்டுக் கூரையில் ஒரு பக்கம் போய்விட்டது. கூரை போனதுகூடப் பரவாயில்லை, அதற்குப் பிறகு இன்சூரன்ஸ், கான்ட்ராக்டர், வீட்டுக்கடன் கொடுத்தவர்கள் என்று மூன்று பக்கமும் நடந்த இழுபறிதான் ஆளைக் கொன்றது. அதில் பாதி அலைச்சல், யாராவது முன்னாலேயே உட்கார வைத்துச் சொல்லியிருந்தால் இல்லாமலே போயிருக்கும்.

கடலூர், நாகப்பட்டினம், சென்னை என்று கடலோரத்தில் வளர்ந்தவர்களுக்குப் புயல் புதிதில்லை. நாலு நாள் முன்னாலேயே பெயர் வைப்பார்கள், துறைமுகத்தில் கூண்டு ஏற்றுவார்கள், பள்ளிக்கு லீவு விடுவார்கள். இங்கே ஹரிகேன் என்கிற கடல் புயலும் ஏறக்குறைய அப்படித்தான், நாள் கணக்கில் அவகாசம் தரும். ஆனால் மெக்சிகோ வளைகுடாவின் ஈரக்காற்று மேலே ஏறிக் கிளப்பும் இடிமழையும் அதற்குள்ளிருந்து இறங்கும் டொர்னேடோ என்கிற சுழல்காற்றும் அப்படி இல்லை. கையில் பத்து நிமிடம் கிடைத்தாலே பெரிது. அதனால் பணம், காகிதம், கையெழுத்து சம்பந்தப்பட்ட எல்லாவற்றையும் வெயில் அடிக்கும் ஒரு சனிக்கிழமையில் உட்கார்ந்து முடித்துவிடுங்கள்.

1. எப்போது பயப்பட வேண்டும், எப்போது வேண்டாம்

டொர்னேடோ என்றால் ஓக்லஹோமா, கான்சாஸ் சமவெளியில் தூரத்தில் கறுப்பாகத் தும்பிக்கை போல இறங்குவதுதான் நினைவுக்கு வரும். இங்கே அதைப் பெரும்பாலும் பார்க்கவே முடியாது. காற்றில் ஈரம் அதிகம், மேகம் தாழ்வாக இருக்கும், சுழல் மழைத்திரைக்குள் மறைந்து வரும், பல நேரம் ராத்திரியில் வரும். ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டு முடிவு பண்ணலாம் என்று நினைக்காதீர்கள்.

வசந்தகாலத்தில், மார்ச் முதல் மே வரை, வாய்ப்பு அதிகம். ஆனால் குளிர்காலம் பாதுகாப்பு என்று அர்த்தமில்லை. பாசடீனா, டியர் பார்க் ஊர்களை ஈ.எஃப்-3 (0 முதல் 5 வரையிலான வலிமை அளவில் 3) டொர்னேடோ தாக்கியது 2023 ஜனவரி 24 அன்று. சானல்வியூவில் இறங்கிய எஃப்-4 (அதே மாதிரி பழைய அளவில் 4) டொர்னேடோ வந்தது 1992 நவம்பரில். ஜூன் முதல் நவம்பர் வரை ஹரிகேன் கரையேறும்போது, அதன் வலது முன்பக்கத்தில் குட்டிக்குட்டி டொர்னேடோக்கள் கிளம்பும். 2017-இல் ஹார்வியோடு வந்தவை அப்படிப்பட்டவைதான்.

தினமும் காலையில் அமெரிக்க அரசின் புயல் கணிப்பு மையத்தின் அபாய வரைபடத்தை ஒரு தடவை பாருங்கள். அபாயம் ஏறும் வரிசையில் மார்ஜினல், ஸ்லைட், என்ஹான்ஸ்டு, மாடரேட், ஹை என்று ஐந்து படி. இதில் எல்லோரும் வழுக்கும் இடம் டொர்னேடோவுக்கான சதவீதம். 5% என்று பார்த்துவிட்டு "அஞ்சு பர்சென்ட்தானே" என்று விட்டுவிடுவார்கள். அது உங்களைச் சுற்றி 25 மைலுக்குள் ஒரு டொர்னேடோ இறங்கும் வாய்ப்பு. சாதாரண நாளில் இந்த எண் பூஜ்யத்தை ஒட்டித்தான் இருக்கும், அதோடு ஒப்பிட்டால் 5% என்பது கவனிக்க வேண்டிய நாள். கோடைக்கால நேரப்படி காலை 8 மணி, 11.30, மாலை 3 மணிக்கு இந்த வரைபடத்தைப் புதுப்பிப்பார்கள். காலையில் மஞ்சளாக (ஸ்லைட்) இருந்தது மதியம் ஆரஞ்சாகியிருந்தால் (என்ஹான்ஸ்டு), சாயங்காலம் பிள்ளைகளின் பாட்டு வகுப்பைத் தள்ளிப் போடுங்கள்.

வாட்ச் என்றால் சூழல் தயாராக இருக்கிறது, பல மணி நேரம் உஷாராக இருங்கள் என்று பொருள். ஷூவை எடுத்து வையுங்கள், போனை சார்ஜில் போடுங்கள், போதும். வார்னிங் என்றால் ரேடாரில் சுழற்சி தெரிந்துவிட்டது அல்லது யாரோ கண்ணால் பார்த்துவிட்டார்கள், உடனே உள்ளே போக வேண்டும் என்று பொருள்.

2. எச்சரிக்கை வர இரண்டு வழி வையுங்கள்

ஹூஸ்டன் நகரத்தில் ஊர் முழுக்கக் கேட்கும் டொர்னேடோ சைரன் கிடையாது. டாலஸிலிருந்து மாறி வருகிறவர்கள் சைரனை நம்பி இருப்பார்கள், இங்கே அது ஊதாது.

முதல் வழி உங்கள் போன். நோட்டிஃபிகேஷன் அமைப்புகளில் அரசாங்க எச்சரிக்கைகள் எல்லாம் ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள், நள்ளிரவில் ஒருமுறை அலறியது என்று கோபத்தில் அணைத்துவிட்டவர்கள் நிறைய. இன்னொன்று, டொர்னேடோ வார்னிங்குக்கு போன் அலறும், ஆனால் இடிமழை எச்சரிக்கை எல்லாவற்றுக்கும் அலறாது. 58 மைல் வேகக் காற்று அல்லது ஓர் அங்குல ஆலங்கட்டி என்றாலே எச்சரிக்கை விடுவார்கள். போன் கத்துவதற்குக் காற்று 80 மைலைத் தொடும் அளவு வேண்டும், அல்லது ஆலங்கட்டி பேஸ்பால் அளவுக்கு வேண்டும். மரம் சாய்வதற்கு அவ்வளவு வேகம் தேவையில்லை என்பதால் மாவட்ட, நகர எச்சரிக்கைகளுக்கும், அதாவது ரெடி ஹாரிஸ், அலர்ட் ஹூஸ்டன் போன்றவற்றுக்கும், தனியாகப் பதிவு செய்துகொள்ளுங்கள். இலவசம்தான்.

இரண்டாவது வழி வெதர் ரேடியோ. பேட்டரியிலும் ஓடும் மாதிரி வாங்குங்கள், 30 முதல் 50 டாலருக்குள் கிடைக்கும். வாங்கியதும் உங்கள் கவுன்டியின் (மாவட்டத்தின்) குறியீட்டைப் போட வேண்டும், இல்லாவிட்டால் பக்கத்து ஐந்தாறு கவுன்டிகளுக்கும் சேர்த்துக் கத்தி, ஒரே வாரத்தில் நீங்களே பிடுங்கி எறிந்துவிடுவீர்கள். ஹாரிஸ் 048201, ஃபோர்ட் பெண்ட் 048157, மான்ட்கோமரி 048339, பிரசோரியா 048039, கால்வெஸ்டன் 048167.

ஊரிலிருந்து அம்மா அப்பா வந்திருந்தால் அவர்களுக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள். பகலில் வீட்டில் தனியாக இருப்பது அவர்கள்தான், வைஃபையில் மட்டும் ஓடும் அவர்களுடைய போனுக்கு இந்த எச்சரிக்கை வராது, ரேடியோ ஆங்கிலத்தில் பேசுவதும் அவர்களுக்குப் புரியாமல் போகலாம். அந்த அலாரம் சத்தம் கேட்டால் இந்த அறைக்குள் போய் உட்காருங்கள், மற்றதை அப்புறம் பார்க்கலாம் என்று ஒரே வரியில் சொல்லி வையுங்கள்.

3. எங்கே ஒளிவது என்று இன்றைக்கே முடிவு செய்யுங்கள்

இங்கே களிமண், நிலத்தடி நீர் மேலேயே இருக்கிறது, அதனால் வீடுகளுக்குக் கீழே நிலவறை (பேஸ்மென்ட்) தோண்டுவதில்லை. தரைத்தளத்தில், ஜன்னல் இல்லாத, நடுவில் இருக்கிற அறைதான் உங்கள் இடம்: உடுப்பு அலமாரி அறை, படிக்கட்டுக்குக் கீழே உள்ள இடம், உள்பக்கக் குளியலறை. வீட்டுக்குள் எவ்வளவு சுவர்கள் உங்களுக்கும் வெளிக்காற்றுக்கும் நடுவில் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள், அதிகம் உள்ள அறையைத் தேர்ந்தெடுங்கள்.

அபார்ட்மென்டில் இரண்டாவது, மூன்றாவது மாடியில் இருக்கிறவர்களுக்குத்தான் சிக்கல், புதிதாக வருகிற நம்மவர்களில் பெரும்பாலோர் அங்கேதான் இருக்கிறார்கள். இங்குள்ள மர அபார்ட்மென்டுகளில் படிக்கட்டு வெளியே திறந்த வெளியில் இருக்கும், அதன் அடியில் போய் நிற்பது பாதுகாப்பில்லை. கீழ்வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள். கேட்கக் கூச்சமாக இருந்தால் ஒரு டப்பா கேசரியோடு போய்க் கேளுங்கள், எங்களுக்கு வேலை செய்தது. வாட்ச் வந்த இரவில் வார்னிங் வரும்வரை காத்திருக்காமல் இறங்கிவிடுவதுதான் நல்லது. இறங்க நேரமில்லை என்றால் உங்கள் வீட்டிலேயே நடு அறைக்குள் போய், மெத்தையையோ கனத்த போர்வையையோ மேலே போட்டுக்கொள்ளுங்கள்.

அந்த அறையில் எப்போதும் இருக்க வேண்டியவை: ஆளுக்கொரு சைக்கிள் ஹெல்மெட், மூடிய ஷூ, டார்ச், விசில். ஹெல்மெட் சிரிப்பாகத் தோன்றும், ஆனால் டொர்னேடோவில் ஆளை அடிப்பது பறந்து வரும் சாமான்கள்தான். வெறுங்காலோடு உடைந்த கண்ணாடி மேல் நடந்து வெளியே வர முடியாது என்பதால் ஷூவும் கட்டாயம்.

மொபைல் ஹோமில் இருந்தால் வாட்ச் வந்ததுமே கிளம்பி உறுதியான கட்டடத்துக்குப் போய்விடுங்கள். காரில் மாட்டிக்கொண்டால் மேம்பாலத்துக்கு அடியில் ஒதுங்காதீர்கள், காற்று அங்கே குறுகி இன்னும் வேகமாக வரும். பெரிய கடைக்குள் இருந்தால் அகலக் கூரை உள்ள நடுப்பகுதியை விட்டு, கழிப்பறைப் பக்கம் போங்கள்.

4. இன்சூரன்ஸ்: நிதானமாகப் படிக்க வேண்டிய பகுதி

வாடகை வீட்டில் இருந்தால்: அபார்ட்மென்ட் நிர்வாகத்தின் இன்சூரன்ஸ் கட்டடத்துக்கு மட்டும். உங்கள் சோபா, லேப்டாப், பட்டுப்புடவை எதற்கும் அது ஒரு டாலர் தராது. வாடகைதாரர் பாலிசி மாதம் 15 முதல் 30 டாலருக்குள் கிடைத்துவிடும். வாங்கும்போது மூன்று விஷயம் கேளுங்கள். ஒன்று, பழைய பொருளுக்குப் புதுசின் விலை தருவார்களா, தேய்மானம் கழித்துத் தருவார்களா. புதுசின் விலை தரும் பாலிசிக்கு மாதம் ஓரிரு டாலர் அதிகமாகும், கொடுத்துவிடுங்கள். இரண்டு, வீடு குடியிருக்க லாயக்கில்லாமல் போனால் ஹோட்டல் செலவு உண்டா. மூன்று, நகைக்கு என்ன வரம்பு. காற்றில் கதவு பெயர்ந்த வீட்டில் யாராவது நுழைந்து நகையை எடுத்துக்கொண்டு போனால் அது திருட்டுக் கணக்கு; பல பாலிசிகளில் அதற்கு உச்சவரம்பு ஓரிரு ஆயிரம் டாலர்தான். நம் வீட்டில் ஒரு ஆரமே அதைத் தாண்டும். தனியாகப் பட்டியல் போட்டுச் சேர்க்க வேண்டும், அல்லது வங்கி லாக்கரில் வைக்க வேண்டும்.

ரூம்மேட்டோடு இருக்கிறவர்கள் கவனிக்க: ஒருத்தர் பெயரில் உள்ள பாலிசி மற்றவர் பொருளுக்குப் பொதுவாகச் செல்லாது. ஆளுக்கொன்று எடுங்கள்.

சொந்த வீடு வாங்கியிருந்தால்: பாலிசியின் முதல் பக்கத்தில் காற்று, ஆலங்கட்டிக்கென்று தனி டிடக்டிபிள், அதாவது கம்பெனி தருவதற்கு முன் நீங்கள் கையிலிருந்து போட வேண்டிய தொகை, இருக்கும். அது பெரும்பாலும் டாலரில் இல்லாமல் வீட்டுக் காப்பீட்டுத் தொகையின் சதவீதமாக இருக்கும், 1% அல்லது 2%. வீடு 4 லட்சம் டாலருக்குக் காப்பீடு செய்யப்பட்டு டிடக்டிபிள் 2% என்றால் முதல் 8,000 டாலர் உங்கள் கையிலிருந்து. பிரீமியம் குறைவாக இருக்கிறதே என்று சந்தோஷப்படுவதற்கு முன் இந்த ஒரு வரியைத் தேடிப் படியுங்கள். பழைய கூரைக்குத் தேய்மானம் கழித்துத்தான் தருவோம் என்ற வரியும் எங்காவது ஒளிந்திருக்கும்.

கடலோர கவுன்டிகளில், அதாவது கால்வெஸ்டன், பிரசோரியா போன்ற இடங்களிலும், ஹாரிஸ் கவுன்டியில் 146-ஆம் நெடுஞ்சாலைக்குக் கிழக்கே சில பகுதிகளிலும், சாதாரண பாலிசியில் காற்றுச் சேதத்தையே விலக்கியிருக்கலாம். அப்படியானால் டெக்சஸ் விண்ட்ஸ்டார்ம் சங்கத்திடம் தனி பாலிசி எடுக்க வேண்டும். வளைகுடாவில் ஹரிகேன் வந்துவிட்டால் அவர்கள் புது விண்ணப்பம் வாங்க மாட்டார்கள், மற்ற கம்பெனிகளும் அந்த நேரத்தில் கதவைச் சாத்திவிடுவார்கள்.

வெள்ளம் தனி. வாடகைதாரர் பாலிசியிலும் வெள்ளம் கிடையாது, வீட்டு பாலிசியிலும் கிடையாது. தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தில் தனியாக எடுக்க வேண்டும், கட்டடத்துக்கு 2,50,000 டாலர் வரை, உள்ளே இருக்கிற பொருட்களுக்கு 1,00,000 டாலர் வரை. வாடகைதாரர் பொருட்களுக்கு மட்டும் எடுக்கலாம். பொதுவாக, பணம் கட்டிய பிறகு 30 நாள் கழித்துத்தான் அமலுக்கு வரும். ஜூன் 1 ஹரிகேன் சீசன் தொடக்கம், அப்படியானால் ஏப்ரல் கடைசிக்குள் கட்டிவிடுங்கள். வாடகைக்கு எடுக்கும்போது வெள்ள அறிவிப்புப் படிவத்தையும் கேட்டு வாங்குங்கள், வீடு வெள்ளப்பகுதியில் இருப்பது தெரிந்தாலோ, கடந்த 5 ஆண்டுகளில் வெள்ளம் புகுந்திருந்தாலோ எழுத்தில் சொல்ல வேண்டும் என்று டெக்சஸில் 2022 முதல் சட்டம் இருக்கிறது.

கார்: ஆலங்கட்டி, சாய்ந்த மரம், வெள்ளம் மூன்றுக்கும் காம்ப்ரிஹென்சிவ் (மோதல் அல்லாமல் உங்கள் காருக்கு வரும் சேதத்துக்கான காப்பீடு) இருந்தால்தான் பணம் வரும். பழைய கார் என்று லயபிலிட்டி (மற்றவருக்கு நீங்கள் செய்யும் சேதத்துக்கானது) மட்டும் எடுத்தவர்களுக்கு எதுவும் கிடைக்காது.

5. காகிதங்கள்

ஜிப் வைத்த நீர்புகாத உறை ஒன்று வாங்கி இவற்றைப் போடுங்கள்: பாஸ்போர்ட், ஐ-797 (விசா ஒப்புதல் அறிவிப்பு) அல்லது ஐ-20 (மாணவர் படிவம்), ஐ-94 (நாட்டுக்குள் நுழைந்த பதிவு) அச்சுப்பிரதி, சோஷியல் செக்யூரிட்டி அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், லீஸ் ஒப்பந்தம், கார் டைட்டில் (உரிமைச் சான்று), பாலிசிகளின் முதல் பக்கம். இதை அந்த நடு அறையிலேயே வையுங்கள். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து இணையச் சேமிப்பில் ஒரு பிரதி, ஊரில் அண்ணனுக்கோ அக்காவுக்கோ ஒரு பிரதி.

அப்புறம் ஒரு வீடியோ. போனை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு அறையாக, அலமாரியைத் திறந்து, டிவியின் பின்பக்க எண் தெரிகிற மாதிரி நிதானமாக எடுங்கள், வெளியே போய்க் கூரையையும் எடுங்கள். எனக்கு ஹால் வீடியோ இருந்தது, கூரைக்கு வீடு வாங்கியபோது எடுத்த இன்ஸ்பெக்ஷன் அறிக்கை இருந்தது. கூரை ஏற்கெனவே பழுது என்று இன்சூரன்ஸ் கம்பெனி ஆள் சொல்ல ஆரம்பித்ததும் வாயை அடைத்தது அந்த அறிக்கைதான்.

6. கரண்ட் இல்லாமல் இருக்கப் பழகுங்கள்

2024 மே காற்றில் ஏறக்குறைய பத்து லட்சம் இணைப்புகளுக்குக் கரண்ட் போனது. அதே வருடம் ஜூலை 8 அன்று பெரில் ஹரிகேன் கரையேறியபோது 22 லட்சத்துக்கு மேல். சிலருக்கு வாரம் தாண்டியும் வரவில்லை, வெளியே 35 டிகிரி.

கரண்ட் போனால் உங்களுக்கு பில் அனுப்பும் கம்பெனியைக் கூப்பிட்டுப் பிரயோஜனம் இல்லை, கம்பி அவர்களுடையது இல்லை. ஹூஸ்டனின் பெரும்பகுதியில் கம்பி சென்டர்பாயின்ட்டுடையது, அவர்களிடம்தான் பதிய வேண்டும். வீட்டுச் சுவரில் கம்பி வந்து இறங்கும் குழாய் பெயர்ந்திருந்தால் அது உங்கள் பொறுப்பு, எலக்ட்ரீஷியனை வைத்துச் சரிசெய்த பிறகுதான் இணைப்பு கொடுப்பார்கள்.

அபார்ட்மென்டுகளில் பெரும்பாலும் கரண்ட் அடுப்பு என்பதால் சமைக்கவும் முடியாது. அவல், பிரெட், பழம், டின் பருப்பு வைத்திருங்கள். மூடியே வைத்தால் ஃப்ரிட்ஜ் 4 மணி நேரம் தாங்கும், நிறைந்த ஃப்ரீசர் 48 மணி நேரம். இட்லி மாவைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், அது போனது போனதுதான். ஜெனரேட்டரையோ கேம்ப் அடுப்பையோ பால்கனியிலும் கராஜிலும் ஓட்டாதீர்கள், ஜெனரேட்டர் வீட்டிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி இருக்க வேண்டும். புயல் முடிந்த பிறகு கார்பன் மோனாக்சைடில் சாகிறவர்கள் ஒவ்வொரு முறையும் இருக்கிறார்கள்.

வாங்குவதற்கு நல்ல நேரம் ஏப்ரல் கடைசியில் ஒரு வாரக்கடைசி. அன்று டெக்சஸில் அவசரகாலப் பொருட்களுக்கு விற்பனை வரி கிடையாது: 75 டாலருக்குக் கீழ் பேட்டரி, டார்ச், ரேடியோ, 3,000 டாலருக்குக் கீழ் ஜெனரேட்டர். ஹூஸ்டனில் வரி 8.25% என்பதால் ஜெனரேட்டர் வாங்குகிறவர்களுக்கு நல்ல மிச்சம்.

வீட்டில் ஆக்சிஜன் இயந்திரமோ நடமாட முடியாத பெரியவரோ இருந்தால் 211-ஐ அழைத்து மாநில அவசர உதவிப் பதிவேட்டில் சேர்த்துவிடுங்கள், வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும். பதிந்துவிட்டால் ஆள் வந்துவிடுவார்கள் என்று உறுதி கிடையாது, மாற்று ஏற்பாடும் வேண்டும்.

7. அடித்த பிறகு

முதலில் படம் எடுங்கள், அப்புறம் துடையுங்கள். கூரைக்கு நீலத் தார்ப்பாய் போடுவது, உடைந்த ஜன்னலுக்குப் பலகை அடிப்பது போன்ற அவசர வேலைகளைச் செய்துவிடலாம், செய்யத்தான் வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த மழையில் வந்த சேதத்துக்கு நீங்கள்தான் காரணம் என்பார்கள். ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். நிரந்தர வேலை எதையும் இன்சூரன்ஸ் ஆள் பார்த்துவிட்டுப் போகும்வரை தொடாதீர்கள்.

அடுத்த நாளே கதவைத் தட்டுவார்கள், டிரக்கில் ஏணியோடு, "டிடக்டிபிளை நாங்க பார்த்துக்கறோம்" என்று. டெக்சஸில் 2019 செப்டம்பரிலிருந்து அது சட்டவிரோதம். அவர்கள் நீட்டும் காகிதத்தில், "கூரையைப் பார்க்க அனுமதி மட்டும்தான்" என்று சொன்னாலும், கையெழுத்துப் போடாதீர்கள்.

கிளெய்மை எழுத்தில் போடுங்கள், போனில் பேசியதையும் அன்றைக்கே மெயிலில் எழுதி அனுப்புங்கள். டெக்சஸில் பொதுவாக 15 நாளுக்குள் கிளெய்ம் கிடைத்தது என்று இன்சூரன்ஸ் கம்பெனி ஒப்புக்கொள்ள வேண்டும், கேட்ட காகிதமெல்லாம் கொடுத்த பிறகு 15 வேலை நாளுக்குள் தருகிறோமா இல்லையா என்று சொல்ல வேண்டும், ஒப்புக்கொண்டால் 5 வேலை நாளுக்குள் பணம். பெரிய பேரிடர் என்றால் இந்தக் கெடுக்கள் இன்னும் 15 நாள் நீளலாம். எனக்கு ஒவ்வொரு முறையும் "இன்னும் ஒரே ஒரு ஆவணம்" என்று புதிதாக ஒன்று கேட்டுக் கெடுவைத் தள்ளிக்கொண்டே போனார்கள். வேண்டியதெல்லாவற்றையும் ஒரே பட்டியலாக எழுத்தில் கொடுங்கள் என்று கேட்டு மெயில் போட்ட பிறகுதான் நின்றது. அப்படியும் நகரவில்லை என்றால் மாநில இன்சூரன்ஸ் துறைக்கு 800-252-3439 என்ற எண்ணில் புகார் செய்யலாம், செலவு கிடையாது.

வீட்டுக்கடன் இருந்தால் இன்னொரு திருப்பம்: செக் உங்கள் பெயரோடு கடன் கொடுத்தவர்கள் பெயரும் சேர்ந்து வரும். அவர்கள் கையெழுத்துப் போட்டால்தான் மாற்ற முடியும், பெரிய தொகை என்றால் தாங்களே வைத்துக்கொண்டு வேலை நடக்க நடக்கத் தவணையாகத் தருவார்கள். செக் வருவதற்கு முன்பே அவர்களுடைய கிளெய்ம் பிரிவைக் கூப்பிட்டு என்ன படிவம் வேண்டும் என்று கேட்டு வைத்தால் வாரக்கணக்கில் மிச்சம்.

வாடகைக்கு இருக்கிறவர்கள் வீடு சேதம் என்று நீங்களாகவே வாடகையை நிறுத்தாதீர்கள், வெளியேற்ற வழக்கு வரும். வீடு முழுக்கவே குடியிருக்க முடியாதபடி ஆகிவிட்டால் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ள டெக்சஸ் சட்டம் இடம் தருகிறது.

8. ஃபெமாவும் விசாவும்

பேரிடர் என்று அதிபர் அறிவித்து உங்கள் கவுன்டியின் பெயரும் அதில் இருந்தால் ஃபெமாவின் (மத்திய அரசின் பேரிடர் உதவி அமைப்பு) பண உதவிக்கு விண்ணப்பிக்கலாம், வழக்கமாக அறிவித்த நாளிலிருந்து 60 நாள் அவகாசம். குடியுரிமை, கிரீன் கார்டு உள்ளவர்களுக்குத் தகுதி உண்டு. எச்1பி, எல்1, எஃப்1-இல் இருப்பவர்களுக்குத் தங்கள் பெயரில் பண உதவி கிடையாது. ஆனால் வீட்டில் இங்கே பிறந்த, 18 வயதுக்குக் குறைந்த, குடியுரிமை உள்ள பிள்ளை சோஷியல் செக்யூரிட்டி எண்ணோடு இருந்தால் அந்தப் பிள்ளையின் சார்பில் அப்பாவோ அம்மாவோ விண்ணப்பிக்கலாம், இது நம்மவர்கள் பலருக்குத் தெரிவதே இல்லை. எண் 800-621-3362. முதலில் இன்சூரன்ஸ் முடிவுக் கடிதத்தைக் கேட்பார்கள், அதனால் கிளெய்மை முன்னாலேயே போட்டிருக்க வேண்டும். தங்குமிடம், சாப்பாடு, தண்ணீர் போன்ற அவசர உதவிகளுக்கு விசா எதுவும் கேட்க மாட்டார்கள், கூச்சப்படாமல் போங்கள்.

பாஸ்போர்ட் தொலைந்துவிட்டால் முதலில் போலீஸ் அறிக்கை, பிறகு ஹூஸ்டனில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்தின் மறுவழங்கல் விண்ணப்பம். ஸ்கேன் பிரதி கையில் இருந்தால் வேலை பாதியாகக் குறையும்.

கடைசியாக, வீடு மாறினால் குடியேற்றத் துறைக்கு 10 நாளுக்குள் ஏஆர்-11 படிவத்தில் புது முகவரி தெரிவிக்க வேண்டும். புயலால் மாறினேன் என்பதற்கு விலக்கு இல்லை. எஃப்1 மாணவர்கள் கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகத்திலும் மாற்ற வேண்டும். எச்1பியில் இருப்பவர்கள் டாலஸுக்கோ ஆஸ்டினுக்கோ நண்பர் வீட்டுக்குப் போய் அங்கிருந்து வேலை பார்ப்பதாக இருந்தால், அது நீளும் என்று தெரிந்ததும் கம்பெனி வக்கீலுக்கு ஒரு மெயில் போட்டுவிடுங்கள், வேலை செய்யும் ஊர் மாறுவது அவர்களுக்குத் தெரிந்தாக வேண்டும். ஏஆர்-11-ஐ ஆன்லைனிலேயே நிரப்பலாம், கட்டணம் இல்லை; வரும் உறுதிச்சீட்டையும் அந்த உறையிலேயே போட்டு வையுங்கள்.